கறிவேப்பிலையை உள்ளே எடுக்கும் காலம்

ஸ்காபரோ,
நவம்பர் முதல் வாரம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை இடையில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள், வீட்டில் ஒரு சாமானும் வைத்த இடத்தில் இல்லை.

அங்கே மாரி தொடங்கிக் கிணறு ஏறுகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே தோட்டத்தைப் பூட்டும் காலம். உன் மகன் வின்னிபெக்கில் கறிவேப்பிலைக் கன்று வாங்கி வைத்திருப்பதும், அது இலை கொட்டுவதும், அவன் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்ப்பதும் கேட்டு எனக்கு மனம் பதறிவிட்டது. முதலில் அந்தத் தண்ணீரை நிறுத்தச் சொல்லு.

இராக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே போகுமுன் கன்றை உள்ளே எடுத்துவிட வேண்டும். ரொறொன்ரோவில் நான் செப்டம்பர் கடைசியிலேயே எடுத்துவிடுவேன். உள்ளே வந்தாலும் அதற்கு வெளிச்சம் போதாது. டிசம்பரில் வின்னிபெக்கில் பகல் எட்டு மணித்தியாலம்தான். வெளிச்சம் குறைந்தால் செடி வளர்ச்சியை நிறுத்திவிடும், தண்ணீரும் குடிக்காது. ஊற்றிய தண்ணீர் சாடியிலேயே நின்று வேரை அழுகப் பண்ணும். வேர் அழுக இலை மஞ்சளாகிக் கொட்டும். பார்ப்பவர் காய்கிறதாக்கும் என்று இன்னும் ஊற்றுவார். இந்த ஊரில் கறிவேப்பிலை சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்க்கட்டும். அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் ஊற்றலாம். மார்ச் வரை பசளை வேண்டாம். தெற்கு ஜன்னல் இருந்தால் அதுவே நல்ல இடம், ஹீட்டர் காற்று நேரே படக்கூடாது. இலை முழுக்கக் கொட்டினாலும் எறிய வேண்டாம். தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா பார்க்கச் சொல்லு. பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, வசந்தத்தில் துளிர்க்கும். அப்புறம், தண்டில் மண்ணிறத்தில் சின்னச் சின்ன ஓடு ஒட்டியிருந்து, கீழ் இலைகள் பிசுபிசுத்தால் அது செதில் பூச்சி. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும்.

மண் சாடிகளையும் வெளியே விடக்கூடாது. மண் சாடி ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். தண்ணீர் உறையும்போது கன அளவில் ஒன்பது வீதம் பெருக்கும், சாடி வெடித்துவிடும். மண்ணைக் கொட்டி, கழுவிக் காயவைத்து, கராஜில் கவிழ்த்து வைத்தால் போதும்.

டாலியா வைத்திருக்கிறானோ தெரியாது. முதல் உறைபனியில் இலை கறுத்த பிறகு தண்டை வெட்டி, கிழங்கை முள்ளுமண்வெட்டியால் தள்ளி நின்று கிளப்ப வேண்டும். சில நாள் காயவிட்டு, அட்டைப் பெட்டியில் மரத்தூள் போட்டு, பேஸ்மென்டில் குளிரான மூலையில் வைக்கலாம். உள்ளி மட்டும் எல்லாவற்றுக்கும் எதிர். ஒக்டோபரில் பல்லை ஊன்றிப் பனிக்குள்ளேயே விட்டுவிடுகிறோம். அந்தக் குளிர் கிடைத்தால்தான் ஜூலையில் பல் பல்லாகப் பிரிந்து வரும்.

எனக்கு எல்லாவற்றையும் விட விதைதான் பெரிது. இந்த முறை பாகல் ஒன்றைக் கொடியிலேயே பழுக்க விட்டேன். செம்மஞ்சளாகி வெடித்து, உள்ளே விதையைச் சுற்றிச் சிவப்புச் சதை. அதைக் கழுவி நிழலில் காயவைத்திருக்கிறேன். தக்காளி விதையைச் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டால் வழுவழுப்பு கழன்றுவிடும். நன்றாக உலர்ந்த விதையை இறுக்கமான போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், தக்காளி நாலைந்து வருடம் முளைக்கும். வெங்காய விதை அப்படியில்லை, அடுத்த வருடமே போட்டுவிட வேண்டும். ஈரம் மட்டும் அண்டவே கூடாது.

உன் அம்மா கத்தரி விதையைச் சாம்பலில் பிரட்டிக் காயவைப்பார் அல்லவா? ஈரத்தை இழுக்கவும் பூச்சி அண்டாமலிருக்கவும்தான் அது. விறகுச் சாம்பலா, பொச்சுமட்டைச் சாம்பலா, எவ்வளவு நாள் காயவிட்டார் என்று உன் அக்காவிடம் கேட்டு எழுது. என் கத்தரி விதை இன்னும் தட்டில்தான் கிடக்கிறது.

மகனிடம் என் தொலைபேசி எண்ணைக் கொடு. கூச்சப்படாமல் எடுக்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வாங்குக்காரன்