செயலாளரின் ஆண்டறிக்கை 2025: கோஷியன் பேஸ்பால் மைதானத் தொண்டு வழிகாட்டிகள், நிஷினோமியா, ஜப்பான்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமக்கு இந்த ஆண்டு ஓய்வே இல்லை. ஏப்ரல் 13 முதல் அக்டோபர் 13 வரை ஒசாகாவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்கு வந்த வெளிநாட்டவர் பலர் ஒரு மாலையை நம் ஊருக்கு ஒதுக்கினார்கள். ஒசாகாவின் உமேதா நிலையத்தில் ஹான்ஷின் விரைவு ரயில் ஏறினால் கால் மணி நேரத்தில் கோஷியன் வந்துவிடுகிறதே! அதோடு நம் மைதானத்தின் சொந்த அணியான ஹான்ஷின் டைகர்ஸும் அபாரமாக ஆடியது. செப்டம்பர் 7 அன்று நம் மைதானத்திலேயே ஹிரோஷிமா அணியை 2-0 என்று வென்று, ஜப்பானின் இரண்டு தொழில்முறை லீக்குகளில் ஒன்றான சென்ட்ரல் லீக்கின் பட்டத்தைக் கைப்பற்றியது. இரண்டு லீக் முறை வந்த பிறகு இவ்வளவு சீக்கிரம் எந்த அணியும் பட்டம் வென்றதில்லை. அக்டோபரில் இரு லீக் அணிகள் மோதும் இறுதித் தொடரான ஜப்பான் சீரிஸை சாஃப்ட்பேங்க் ஹாக்ஸிடம் இழந்தது வருத்தம்தான்.

பெரிய தலைவலி டிக்கெட். இங்கே டைகர்ஸ் ஆட்டங்களுக்கு இடம் கிடைப்பது கடினம். இடைத்தரகர் ஒருவரிடம் பல மடங்கு விலை கொடுத்து வாங்கி வந்த ஒரு குடும்பம் வாசலோடு திரும்ப வேண்டியதாயிற்று. குழந்தைகள் அழுததைப் பார்க்க நமக்கே தாங்கவில்லை. டிக்கெட்டை அநியாய விலைக்கு மறுவிற்பனை செய்வதைத் தடுக்கும் சட்டம் 2019 முதல் அமலில் இருக்கிறது. ஆகவே நாம் டிக்கெட் வாங்கித் தருவதில்லை, அதிகாரபூர்வ விற்பனையை மட்டுமே காட்டுகிறோம். அதிலும் கிடைக்காதவர்களை அமகாசாகிக்கு அனுப்புகிறோம். டைகர்ஸின் இரண்டாம் அணிக்கான புது மைதானம் மார்ச்சில் அங்கே, தாய்மொத்சு நிலையத்துக்குப் பக்கத்தில் திறந்தது. சிறிய மைதானம், பந்து மட்டையில் படும் சத்தம் அருகிலேயே கேட்கும். போய் வந்தவர்கள் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

வழிகாட்டும் முறை பற்றி என் கருத்தை அழுத்திச் சொல்கிறேன். நம் வேலையில் பெரும்பகுதி வாசலுக்கு வெளியிலேயே முடிந்துவிட வேண்டும். வலது அவுட்ஃபீல்டு இருக்கைப் பகுதி டைகர்ஸ் ரசிகர்களின் கோட்டை, எதிரணிச் சட்டையோடு அங்கே போகக் கூடாது. ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு உண்டு. டிரம்பெட்டும் மேளமும் நம் அணி பேட் செய்யும்போதுதான் முழங்கும். கேன், கண்ணாடிப் பாட்டில் உள்ளே போகாது, வாசலில் காகிதக் கோப்பையில் ஊற்றிக்கொள்ளலாம். முதுகில் பீர் தொட்டி சுமந்து படியேறும் பெண்களைக் கை உயர்த்திக் கூப்பிட்டால் போதும். லீக் ஆட்டம் 12 இன்னிங்ஸ் வரை போயும் முடிவு வராவிட்டால் டிரா. இவ்வளவையும் முன்பே சொல்லிவிட்டு, உள்ளே போனதும் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பக்கத்து இருக்கைப் பாட்டி கை பிடித்துத் தாளம் சொல்லித் தருவதைவிட நம் விளக்கம் ஒன்றும் உயர்ந்ததல்ல. இதில் மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கூட்டத்தில் தாராளமாகப் பேசுங்கள்.

ஆகஸ்ட் வேறு கதை. பள்ளி மாணவர்களின் தேசியப் போட்டி அது. 49 பள்ளிகள், தோற்றால் அன்றோடு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். வெயிலுக்குப் பயந்து இந்த முறை தொடக்க விழாவை மாலையில் வைத்தார்கள். முதல் ஆறு நாட்கள் ஆட்டங்கள் காலை, மாலை என்று பிரிந்தன. ஆட்டத் தொடக்கத்தில் சைரன் ஒலித்ததும் நம் விருந்தினர்கள் திடுக்கிட்டார்கள். தோற்ற பிள்ளைகள் அழுதுகொண்டே மைதானத்து மண்ணைப் பையில் அள்ளும்போது கேமராவைத் தூக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். யாரும் மறுக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் ஒகினாவா ஷோகாகு பள்ளி 3-1 என்று வென்று முதல் முறையாகக் கோடைப் பட்டத்தை எடுத்துப் போனது. அந்தக் கைதட்டலைக் கேட்டவர்களுக்குக் கோஷியன் என்றால் என்ன என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

ஆட்டம் இல்லாத நாட்களில் நிஷினோமியா எபிசு கோயிலுக்கும் சாக்கே என்ற அரிசி மது ஆலைத் தெருக்களுக்கும் அழைத்துப் போனோம். ஜனவரி 10 அதிகாலை 6 மணிக்குக் கோயில் கதவு திறந்ததும் நடக்கும் ஓட்டத்துக்குக் கூட்டம் அதிகம். அந்தக் குளிரில் நிற்க இன்னும் ஆட்கள் வேண்டும்.

கட்டணம் வாங்குவதில்லை என்ற விதி தொடர்கிறது. கணக்கைப் பொருளாளர் படிப்பார்.

2026 வசந்தப் போட்டி முதல் பள்ளி ஆட்டங்களிலும், 2027 முதல் சென்ட்ரல் லீக்கிலும், பந்து வீசும் பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் பேட் செய்யும் விதி வருகிறது. நம் துண்டறிக்கையைத் திருத்த வேண்டும். மார்ச்சுக்குள் அச்சாகிவிட வேண்டும் என்பதால், எழுதித் தர முன்வருபவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்