அரை நாள் பேச்சு போதாது: ஊழியர் மனநலத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கும் மனிதவளப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வேலை நிலைக்குமா, பிரிவை மூடிவிடுவார்களா, அடுத்த ஆண்டு நம் கதி என்ன என்று ஊழியர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கியதும், ஒரு பேச்சாளரை அழைத்து 'மனஉறுதியை வளர்ப்பது எப்படி' என்று அரை நாள் கூட்டம் வைக்கிறீர்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறீர்கள். ஆனாலும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அந்தக் கூட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தையும் நேரத்தையும் முறையான உளவியல் சிகிச்சைக்குத் திருப்பிவிடுங்கள் என்று கேட்டே உளவியல் சிகிச்சையாளர்களாகிய நாங்கள் இதை எழுதுகிறோம்.

என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பது, கெட்டது நடக்கும் என்று தெரிவதைவிட மனிதரை அதிகம் வாட்டும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் 45 பேர் கலந்துகொண்டார்கள். கணினித் திரையில் ஒரு கல் தெரியும். அதன் அடியில் பாம்பு இருக்குமா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுள்ளென்று மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த நேரத்தைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்த நேரத்தில்தான் அவர்களுடைய மனஅழுத்தம் உச்சத்தைத் தொட்டது. "வேலை போகும் என்றாவது சொல்லித் தொலையுங்கள், நிம்மதியாக இருக்கும்" என்று ஓர் ஊழியர் வெடித்தால், அதைக் கோழைத்தனம் என்றோ மரியாதைக் குறைவு என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு அப்படித்தான் இயங்குகிறது.

கனடாவில் உளவியலாளர் மிஷேல் டுகாவும் அவருடைய சகாக்களும் 1990-களிலிருந்து ஆராய்ந்துவந்தது இதைத்தான்: தீராத கவலைக்கு அடியில் பெரும்பாலும் நிச்சயமின்மையைச் சகிக்க முடியாத தன்மை இருக்கிறது. அதைச் சகிக்க முடியாதவர் சும்மா இருப்பதில்லை. அனுப்பிய மின்னஞ்சலை மறுபடி திறந்து பார்ப்பார். மேலாளர் முகம் ஏன் வாடியிருந்தது என்று மூன்று பேரிடம் கேட்பார். எடுக்க வேண்டிய முடிவைத் தள்ளிப்போடுவார், அல்லது பத்து நிமிட வேலைக்கு மூன்று மணி நேரம் தயார் செய்வார். ஒவ்வொன்றும் சில நிமிட ஆறுதல் தரும். கூடவே மனம் தப்பான பாடம் ஒன்றைப் படித்துக்கொள்ளும்: 'சரிபார்த்ததால்தான் தப்பித்தேன்.' அடுத்த முறை இன்னும் அதிகமாகச் சரிபார்க்கத் தோன்றும். இந்தச் சுழலை அறிவுரை உடைக்காது. சரிபார்க்காமல் இருந்து பார்த்த அனுபவம்தான் உடைக்கும்.

சிகிச்சை அறையில் அது எப்படி நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறோம். ஒவ்வொரு மின்னஞ்சலையும் ஐந்து முறை படித்த பிறகே அனுப்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தாளில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் செய்யப்போவது: 'நாளை சக ஊழியருக்குப் போகும் சாதாரண மின்னஞ்சல் ஒன்றை ஒரே முறை படித்துவிட்டு அனுப்புவேன்.' இரண்டாவதில் அவருடைய கணிப்பு: 'பெரிய பிழை இருக்கும், என்னை மட்டமாக நினைப்பார்கள், நடக்க வாய்ப்பு 80 சதவீதம்.' மூன்றாவதில் உண்மையில் நடந்தது. நான்காவதில், கணிப்பு பலித்திருந்தால் அதை எப்படிச் சமாளித்தார் என்பது. இந்த நான்காவது கட்டத்தில்தான் மனஉறுதி ஊறுகிறது. எழுத்துப் பிழை ஒன்று இருந்தது, 'திருத்தி அனுப்புகிறேன்' என்று ஒரு வரி போட்டார், விஷயம் முடிந்தது. கெட்டது நடந்தாலும் சமாளிக்கலாம் என்பதை யாரும் சொல்லிக் கேட்காமல் அவரே கண்டுகொள்கிறார்.

இது கைகூடாமல் போவதும் உண்டு. கணிப்பை முன்கூட்டியே எழுதாவிட்டால், 'எனக்குத் தெரியும், ஒன்றும் ஆகாது என்று' என மனம் பிறகு கதையை மாற்றிவிடும். முதல் முயற்சியே இயக்குநர் குழுவுக்குப் போகும் அறிக்கையாக இருந்தால் பயந்து கைவிட்டுவிடுவார். தான் படிப்பதற்குப் பதிலாகப் பக்கத்து மேசைக்காரரைப் படித்துப் பார்க்கச் சொல்வது இன்னொன்று; சரிபார்ப்பு போகவில்லை, கைமாறியிருக்கிறது. ஒரு தடவை செய்தால் அதிர்ஷ்டம் என்று தோன்றும். வாரத்துக்கு மூன்று நான்கு தடவை, மெல்ல மெல்லப் பெரிய விஷயங்களில் செய்ய வேண்டும். இந்தச் சறுக்கல்களைக் கவனித்துத் திருத்த ஒரு தெரபிஸ்ட் வாராவாரம் கூட இருந்தாக வேண்டும். கூட்டத்தில் பேசிவிட்டுப் போகிறவரால் இது ஆகாது.

கவலைகளைப் பிரிப்பதும் இதே அளவுக்கு முக்கியம். 'கடன் தவணை கட்ட மூன்று மாதத்துக்கு மேல் கையில் பணமில்லை' என்பது இன்றைய பிரச்சினை. அதற்குத் தீர்வு தேடலாம்: செலவுக் கணக்கு எழுதலாம், கடன் கொடுத்தவரிடம் பேசலாம், தேதி குறிக்கலாம். 'ஐந்து வருடம் கழித்து என் தொழிலே இல்லாமல் போனால்?' என்பது கற்பனைக் கவலை. அதற்கு இன்று செய்ய ஒன்றுமில்லை. முதல் வகைக்குத் தியானத்தையும் இரண்டாம் வகைக்குத் திட்டத்தையும் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கற்பனைக் கவலைக்கு ஒரு வழி, கவலைப்பட நேரம் ஒதுக்குவது: தினமும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், 20 முதல் 30 நிமிடம். படுக்கையில் கூடாது, தூங்கப் போகும் முன்பும் கூடாது. பகலில் கவலை வந்தால் ஒரு வரி குறித்து வைத்துவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். தள்ளிவைப்பது வேறு, அடக்குவது வேறு. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்ததை 1987-இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் காட்டினார். 'நல்லதையே நினையுங்கள்' என்று சுவரொட்டி ஒட்டும்போது நீங்கள் ஊழியர்களிடம் கேட்பது அந்த அடக்கலைத்தான். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அமர்வுகளின் கணக்குக்கு வருவோம். ஓர் அமர்வு சுமார் 50 நிமிடம், வாரம் ஒன்று. முதல் ஒன்றிரண்டு அமர்வுகள் நிலைமையைப் புரிந்துகொள்ளவே போய்விடும். அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்குப் பதற்றம் இருப்பவருக்கு 12 முதல் 15 அமர்வுகள் தேவைப்படும். 'மூன்று இலவச அமர்வுகள்' என்ற திட்டம் அவரைப் பாதிவழியில் இறக்கிவிடுகிறது. பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால், உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 'பிராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்' முறையைப் பாருங்கள். பயிற்சி பெற்ற, தொழில்முறை உளவியலாளர் அல்லாதவர்களும் மேற்பார்வையோடு நடத்தக்கூடிய 5 வார அமர்வுகள். ஒவ்வொன்றும் 90 நிமிடம். மூச்சுப் பயிற்சி, பிரச்சினைத் தீர்வு, முடங்கியவரை மீண்டும் செயலில் இறக்குதல், உறவுகளின் துணையைப் பலப்படுத்துதல் என நான்கு விஷயங்கள். எளிமையானது, கௌரவமானது.

முன்னேற்றத்தை அளந்து பார்க்க, பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்ற 7 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. மதிப்பெண் 0 முதல் 21 வரை, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கு அதேபோல 9 கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9. நான்கைந்து அமர்வுகள் கழித்தும் மதிப்பெண் அசையவில்லை என்றால் திட்டத்தை மாற்ற வேண்டிய பொறுப்பு தெரபிஸ்டுடையது. உங்களிடம் ஒரு கடுமையான வேண்டுகோள்: பிஎச்கியூ-9-இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்று கேட்கிறது. அதற்கு 0 தவிர வேறு எதைக் குறித்தாலும், அன்றைக்கே ஒரு தகுதியுள்ளவர் அந்த மனிதரிடம் பேசியாக வேண்டும். பதிலைப் படிக்க ஆள் வைக்காமல் இந்தப் படிவத்தை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். ஒருவர் உதவி கேட்டு எழுதியதை யாரும் திறக்காமலே கிடப்பில் போட்டதாகிவிடும்.

யார் சிகிச்சைக்கு வருகிறார் என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. மாதம் இத்தனை அமர்வுகள் நடந்தன என்ற மொத்த எண்ணிக்கை போதும். ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு அதுவும் வேண்டாம், யாரென்று ஊகித்துவிடலாம். அறை மனிதவளப் பிரிவுக்கு எதிரே இருக்க வேண்டாம், நேரப் பதிவு அலுவலகக் காலண்டரில் தெரிய வேண்டாம். உயிருக்கு ஆபத்து, சட்டக் கட்டாயம் போன்ற விதிவிலக்குகளை முதல் அமர்விலேயே ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்பவும் வேண்டாம். நெருக்கடியைச் சந்திப்பவர்களில் பலர் சிகிச்சை இல்லாமலே, வீட்டாரும் நண்பர்களும் தரும் தெம்பில் எழுந்து நிற்பார்கள். பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு எல்லோரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் பேசவைக்கும் முறை பயன் தரவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்திருக்கலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மனஉறுதியைப் பணி மதிப்பீட்டில் சேர்த்தீர்களானால், எங்கள் எதிரில் உட்காரும் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எதிர்காலத்தில் யாராலும் அறிய முடியாதது கொஞ்சம். உங்களுக்குத் தெரிந்தும் சொல்லாமல் வைத்திருப்பது கொஞ்சம். முன்னதைத் தாங்கப் பழக்குவது எங்கள் வேலை. பின்னதைத் தாங்கப் பழக்கச் சொல்லி ஊழியர்களை எங்களிடம் அனுப்பாதீர்கள். முடிவு இன்னும் ஆகவில்லை என்றால், எந்தத் தேதிக்குள் ஆகும் என்பதைச் சொல்லுங்கள். அந்தத் தேதி தள்ளிப்போனால், தள்ளிப்போகிறது என்பதை அதற்கு முன்பே சொல்லுங்கள். தெரபிஸ்டைத் தேடத் தொடங்கும் முன், இந்த வாரமே, அந்த ஒரு அறிவிப்பை அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உளவியல் சிகிச்சையாளர்கள் சிலர்