அட்வான்ஸ் கொடுத்த அப்பா எழுதுவது

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் குடும்ப நிதி ஆலோசனைக் கட்டுரையில், 25 வயது தாண்டிய பிள்ளைக்குப் பணம் கொடுக்கும் பெற்றோர் சோம்பேறிகளை வளர்க்கிறார்கள் என்று ஒரு வரி. எழுதியவருக்கு நன்றி. என் மகன் சோம்பேறி என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அவன் 2022ல் பொறியியல் முடித்தான். கையில் வேலைக் கடிதம் இருந்தது, வேலைதான் இல்லை. சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போன நிறுவனம் 2023 கடைசியில்தான் கூப்பிட்டது. வருடச் சம்பளம் மூன்றரை லட்சம். 2011ல் என் அக்கா மகன் இதே மாதிரி வேலையில் சேர்ந்தபோது மூன்றேகால் லட்சம். இடையில் வாடகை எவ்வளவு ஏறியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் சென்னையில்தானே இருக்கிறீர்கள்!

போன வருடம் சென்னைப் பெருங்குடியில் அவனுக்கு வீடு பார்த்தபோது வீட்டுக்காரர் கேட்டது 10 மாத அட்வான்ஸ். 2019ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் செல்லும் என்று அதிலேயே ஒரு சந்தும் இருக்கிறது. அந்தச் சந்துக்குள்தான் சென்னை மொத்தமும் குடியிருக்கிறது. அட்வான்ஸை நான்தான் கொடுத்தேன். இல்லாவிட்டால் அவன் எங்கே போய்ப் புரட்டுவான், கடன் ஆப்பிலா?

கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம் என்பார்கள். சரி. ஆனால் பெற்றவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கிடையாது, வட்டி மட்டும் ஓடும். வேலைக்குக் காத்திருந்த மாதங்களிலும் ஓடியது. அவன் தவணை தவறினால் கடன் கேட்டால் வங்கிகள் பார்க்கும் என் சிபில் மதிப்பெண்ணும் அடிபடும். வங்கிக்கு நாங்கள் இருவரும் ஒரே கடனாளி. உங்கள் கட்டுரையாளருக்கு மட்டும் அவன் தனி ஆள்.

அவர் காலத்தில் எல்லோரும் சொந்தக் காலில் நின்றார்களாம். நானும் அந்தக் காலம்தான். அரசு கலைக் கல்லூரிக்கு நான் கட்டிய சம்பளத்தை வீட்டில் யாரும் செலவாகவே நினைக்கவில்லை. 1988ல் பள்ளி வேலையில் சேர்ந்த அன்றே ஓய்வூதியம் நிச்சயம். 2003 ஏப்ரல் முதல் அரசு வேலைக்கு வந்தவர்களுக்கு அந்த நிச்சயமும் போயிற்று.

மகளுக்கு நகை போட என் பி.எஃப். பணத்தை வழித்து எடுத்தபோது அவளை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. உங்கள் பத்திரிகையில் சேமிப்பு யோசனை என்றாலே மகள் கல்யாணத்தில்தான் ஆரம்பிக்கும். அப்புறம், என் மனைவியின் சர்க்கரை மாத்திரைக்கு மாதாமாதம் பணம் கொடுப்பது அந்தச் சோம்பேறிதான். கட்டுரையில் இந்த வரவுக் கணக்கைக் காணோம்.

கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்கப் பொறியியல் கல்லூரி விளம்பரம். அந்தக் கட்டணத்தை எந்த 18 வயதுப் பிள்ளை தன் சம்பாத்தியத்தில் கட்டும்?

அந்த வாடகைச் சட்ட விவரத்தையும், ஒப்பந்தத்தை எப்படிப் பதிவு செய்வது என்பதையும் அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். கேட்பது அவ்வளவுதான். போன முறை என் கடிதத்தை வெட்டி, உங்களைப் பாராட்டிய வரியை மட்டும் பிரசுரித்திருந்தீர்கள். இந்த முறை அந்தச் சிரமம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
விழுப்புரம்.