செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், அவர்களோடு வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. தீர்மானங்கள் குறிப்பேட்டில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். குடியை விட முயல்வோருக்காக நம் சங்கம் நடத்தும் வியாழக்கிழமைக் கூட்டம் ஒரு வாரமும் தவறவில்லை. மழை கொட்டிய அன்றுகூட மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்தவர் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

இந்த ஆண்டு நம்மை அலைக்கழித்தது நம் விதிகளில் உள்ள ஒற்றை வரிதான்: 'குடித்த நிலையில் வருவோருக்கு அனுமதி இல்லை.'

ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை. உறுப்பினர் ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். "விதி தெரியும் ஐயா, உள்ளே வரவில்லை. இங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்" என்றார். அவர் காதில் குரல்கள் கேட்கும். குடித்தால் அவை சற்று அடங்குகின்றன என்பது அவர் கணக்கு. மனநல மருத்துவமனையில் "முதலில் குடியை விட்டுவிட்டு வாருங்கள்" என்றார்களாம். போதை மீட்பு மையத்தில் "முதலில் மனநோய்க்கு வைத்தியம் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார்களாம். மூன்றாவதாக வந்து சேர்ந்த இடம் நம் வாசல். நானும், "தெளிந்தபின் அடுத்த வாரம் வாருங்கள்" என்று அனுப்பிவைத்தேன்.

அவர் என் சொல்லைத் தட்டவில்லை. அன்றிரவே குடியை அடியோடு நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தார்.

பல ஆண்டுகள் நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு உடல் நடுங்கி, நினைவு குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் உயிர் போய்விடும். மருத்துவர் மேற்பார்வையில் மருந்தும் தயமின் என்ற வைட்டமினும் கொடுத்துத்தான் இந்த நாட்களைக் கடத்த வேண்டும். நம் அறையிலோ 'மனம் வைத்தால் இன்றே விடலாம்' என்று பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதை நானே கழற்றினேன். ஆணி மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது.

அவர் பிழைத்து வந்தார். அதன் பிறகு திண்ணையில் ஒரு நாற்காலி போட்டோம். குடித்துவிட்டு வருபவர் அதில் உட்காரலாம். பழைய உறுப்பினர்கள் இருவர் முறைவைத்துத் துணைக்கு இருப்பார்கள். அறிவுரை கிடையாது. எவ்வளவு நாளாகக் குடிக்கிறார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கடைசியாக எப்போது தூங்கினார் என்று மட்டும் கேட்பார்கள். மறுநாள் மருத்துவரிடம் கூடவே போவார்கள். இதற்கு எதிர்ப்பும் வந்தது. குடியை விட்டு நாற்பது நாள் ஆன ஓர் இளைஞர், "அந்த வாடை பட்டாலே எனக்குக் கை பரபரக்கிறது" என்றார். நியாயமான பேச்சு. அதனால்தான் நாற்காலி அறைக்குள் வராமல் திண்ணையிலேயே நிற்கிறது.

ஜிம்பாப்வேயில் 2006 முதல் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் மர பெஞ்சில் உட்கார்ந்து, மனம் சோர்ந்து வருபவர்களிடம் பேசுகிறார்கள். அங்கே நடந்த ஆய்வொன்று, அதனால் மனச்சோர்வு குறைந்ததாக 2016இல் பதிவு செய்தது. இதைப் படித்த உற்சாகத்தில் நாமும் முற்றத்தில் ஒரு பெஞ்ச் போட்டோம். ஒரு மாதம் ஈ காக்கை உட்காரவில்லை. தெருவைப் பார்த்துப் போட்டிருந்தோம். போகிறவர் வருகிறவர் பார்வையில் உட்கார்ந்து யார் அழுவார்? சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்ட பிறகு ஆட்கள் வருகிறார்கள்.

குடும்பத்தாருக்கான கூட்டத்தில் கூட்டம் குறைவு. ஆனால் பேச்சு மிகக் கனமாக இருந்தது. ஓர் அம்மா, குடியை விடுவதற்காகத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரையை மகனுக்குத் தெரியாமல் பொடித்து உணவில் கலந்து வந்ததைச் சொன்னார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அந்த மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பிடுபவர் தெரிந்தே, மருத்துவர் சொல்லியே சாப்பிட வேண்டிய மருந்து அது. அவருக்கு மனநோயும் இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. அந்த அம்மாவை யாரும் குற்றம் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

இவ்வாண்டு நான்கு பேர் மறுபடியும் குடிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் மூவர் திரும்பி வந்துவிட்டார்கள். நான்காமவர் தொலைபேசியை எடுப்பதில்லை. வாரம் ஒருமுறை அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

விதிகளில் 'அனுமதி இல்லை' என்னும் அந்த வரியை நீக்கிவிட்டு, 'குடித்த நிலையில் வருவோர் திண்ணையில் வரவேற்கப்படுவர்' என்று சேர்க்கும் தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. எதிர்த்து வாக்களிப்பவர்கள் காரணத்தையும் சொன்னால் குறித்துக்கொள்வேன். சனிக்கிழமை இரவு தொலைபேசியைக் கவனிக்க இன்னும் இருவர் தேவை. திண்ணை நாற்காலியில் ஒரு கால் ஆடுகிறது. வீட்டில் உறுதியான நாற்காலி சும்மா கிடந்தால் அடுத்த வியாழனுக்குள் கொண்டுவந்து கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்