மூன்றாம் நாள் மதியச் சாப்பாடு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வியட்நாம் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் அன்பர்களுக்கு வணக்கம்.

பயண அட்டவணை கைக்கு வந்ததும் பாதிப் பேராவது போன் செய்துவிட்டீர்கள். "எல்லா நாளும் மூணு வேளைச் சாப்பாடு போட்டிருக்கீங்க, சைகோன்ல மூணாம் நாள் மதியம் மட்டும் 'சொந்தமாக'ன்னு இருக்கே, அது என்ன கணக்கு?" கேட்டது நியாயம்தான். போனில் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னால் ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்ல மறந்துபோகும். அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் பணம். அந்த வேளைச் சாப்பாட்டுக் காசை நாங்கள் பிடித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆளுக்கு 1,50,000 டாங் ஓர் உறையில் போட்டுக் கையில் கொடுப்போம். லட்சத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். ஆக, சுமார் 500 ரூபாய். நாங்கள் சொல்லும் கடையில் ஒரு கிண்ணம் நூடுல்ஸும் ஒரு ரொட்டியும் ஒரு காப்பியும் வாங்க அது போதும்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்றால், 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேரடி விமானம் வந்த பிறகு முதலில் போன குரூப்களுக்கு எல்லா வேளையும் இந்திய உணவகத்தில்தான் சாப்பாடு. சாம்பார், பனீர், பருப்பு, அப்பளம். யாரும் ஒரு குறை சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்து, 'அந்த ஊர்ல என்னதான் சாப்பிடுவாங்க?' என்று வீட்டில் கேட்டதற்கு ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஐந்து நாள் ஊர் சுற்றியும் அந்த ஊர்ச் சோற்றைக் கண்ணில் காட்டாமல் கூட்டி வந்திருக்கிறோம் என்பது எனக்கு உறுத்தியது.

அடுத்த குரூப்பில் அதைச் சரிசெய்யப் போய் நானே ஒரு கூத்தடித்தேன். 32 பேரையும் வண்டியோடு கொண்டுபோய் ஒரே கடை வாசலில் இறக்கினேன். கடையில் இருந்தது ஏழு மேசை. அதில் நாலு மேசையில் ஆபீஸ் மதிய இடைவேளையில் வந்த உள்ளூர்க்காரர்கள். கடைக்கார அம்மாள் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கல்யாணப் பந்திக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு பஸ்ஸில் வந்திறங்கினால் சமையல்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பாதிப் பேர் வெயிலில் நின்றார்கள், சூப் தீர்ந்துபோயிற்று, சைவக்காரர்கள் வெறும் வெள்ளரிக்காயோடு வண்டி ஏறினார்கள். தப்பு முழுக்க எங்களுடையது. இப்போது ஆறு ஆறு பேராகப் பிரித்து, வெவ்வேறு சின்னக் கடைகளுக்கு நடந்தே போகிறோம்.

அன்று காலை ட்ருவாங் தின் தெருவிலிருக்கும் மாரியம்மன் கோவில். நம் ஊர்க்காரர்கள் கட்டிய கோவில்தான், ஆனால் உள்ளே ஊதுவத்திக் கட்டோடு நிற்பவர்களில் பெரும்பாலானோர் வியட்நாமியர்கள். அங்கிருந்து பென் தான் சந்தைப் பக்கம் நடக்கும் தூரத்தில்தான் நம் கடைகள் எல்லாம். பதினொரு மணிக்கெல்லாம் உட்கார்ந்துவிட வேண்டும். இந்தியாவைவிட அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதனால் பதினொன்றுக்கு உங்களுக்குப் பசிக்காது. இருந்தாலும் உட்காருங்கள். விடியற்காலையில் இறக்கிய சூப் ஒரு மணிக்கு மேல் பல கடைகளில் மிஞ்சாது.

கடை என்றதும் கண்ணாடிக் கதவு, ஏசி என்று நினைக்காதீர்கள். ரோட்டோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதில் ரொட்டி. பக்கத்தில் இடுப்பளவு உயரப் பானை. முழங்கால் உயரத்தில் பிளாஸ்டிக் முக்காலிகள். முட்டிவலிக்காரர்கள் முன்னாலேயே சொல்லுங்கள், உயரமான நாற்காலி உள்ள கடையில் சேர்த்துவிடுகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எனக்கே இப்போதெல்லாம் அப்படித்தான்.

ரொட்டிக்குப் பெயர் பான் மீ. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த நீள ரொட்டிதான், ஆனால் சைகோன்காரர்கள் அதைக் குட்டையாக்கி, எடையைக் குறைத்து, ஒரு கையில் பிடித்துச் சாப்பிடுகிற பொருளாக மாற்றிவிட்டார்கள். வெள்ளைக்காரன் தட்டில் வைத்துக் கத்தியால் வெட்டியதை இவர்கள் பொட்டலத்தில் கட்டினார்கள். 2011இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே அந்தப் பெயரை அப்படியே சேர்த்துக்கொண்டது. பெட்டி முன்னால் நின்று ஒருமுறை வேடிக்கை பாருங்கள். ரொட்டியைப் பக்கவாட்டில் கீறுவார், ஈரல் பசையை ஒரு இழுப்பு, மஞ்சளாக முட்டை வெண்ணெய் ஒரு இழுப்பு, இறைச்சித் துண்டுகள், நீளவாக்கில் ஒரு வெள்ளரிக்காய்ச் சீவல், காடியில் ஊறிய கேரட்டும் முள்ளங்கியும் ஒரு பிடி, கொத்தமல்லியைக் காம்போடு, மிளகாய் நாலு வட்டம், மேலே நாலு சொட்டுச் சாறு. தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு நீட்டிவிடுவார். நீங்கள் பர்ஸைத் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

அதை அங்கேயே, அப்போதே சாப்பிட வேண்டும். போன முறை ஒரு குடும்பம் வண்டியில் சாப்பிடலாம் என்று கட்டி எடுத்து வந்து, மூன்று மணி நேரம் கழித்துப் பிரித்து, "ரப்பரா இருக்கு சார்" என்று என்னிடமே நீட்டினார்கள். அந்த ரொட்டியின் மேல்தோல் மொறுமொறுவென்று இருப்பதுதான் அதன் உயிர். அந்த ஊர்ப் புழுக்கத்தில் அது சீக்கிரம் அடங்கிவிடும். வடையைக் காலையில் வாங்கி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கடைக்காரரைக் குறை சொல்வோமா?

இனி, யார் எதைச் சாப்பிடலாம். இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

நூடுல்ஸ் சூப்புக்குப் பெயர் ஃபோ. எழுதுவது அப்படி, வாயில் வருவது 'ஃபா?' என்று கேள்வி கேட்பது போல. அதோடு 'கா' சேர்ந்தால் கோழி. 'போ' சேர்ந்தால் மாடு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பலகையில் 'போ' என்று கண்டால் நம் தமிழில் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். இரண்டும் விற்கும் கடையில் 'கா' கேட்டாலும் கரண்டி எந்தப் பானைக்குள் போய்வந்தது என்று நாம் நின்று பார்க்க முடியாது. கோழி மட்டும் போடும் கடைகள் தனியாக இருக்கின்றன, மாடு வேண்டாம் என்பவர்களின் குழுவை அங்கேதான் அனுப்புவோம்.

பன்றி வேண்டாம் என்பவர்களுக்கு ரொட்டியில்தான் கவனம் தேவை. "சிக்கன்தானே கேட்டேன்" என்றால் போதாது. அந்த ஈரல் பசை பெரும்பாலும் பன்றி ஈரல். 'ஹேயோ' என்றால் பன்றி, 'கோம்' என்றால் வேண்டாம். ஹலால் மட்டும் சாப்பிடும் நம் முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தக் கடைகளே வேண்டாம். டோங் யூ தெருவில் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது, அதையொட்டி ஹலால் சாப்பாடு கிடைக்கும். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மலேசியக்காரர்கள் கூடும் தெருவிலும் ஹலால் நூடுல்ஸ் உண்டு. எங்கள் ஆள் ஒருவர் கூடவே வருவார்.

சைவக்காரர்களே, உங்களுக்கு ஒரே சொல்தான்: 'சாய்'. பலகையில் 'சாய்' என்று இருந்தால்தான் சைவம். கறிக்கடையில் போய் "கறி போடாமல் கொடு" என்றால் கறியை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள், ஆனால் சூப் எலும்பில் கொதித்தது, தொட்டுக்கொள்ளும் சாறு மீனில் ஊறியது. அந்த மீன் சாறு இல்லாத வியட்நாமியச் சமையல் நம்மூரில் புளி இல்லாத சமையல் மாதிரி. சாய் கடையில் அந்தக் கவலை இல்லை. டோஃபு, காளான், தாமரைத் தண்டு என்று போட்டு, சூப்பைக் காய்கறியிலேயே இறக்குகிறார்கள். சில இடங்களில் கறி போலவே செய்து வைத்திருப்பார்கள், பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அது சோயா. முட்டை சாப்பிடுபவர்கள் சாதாரணக் கடையிலேயே 'பான் மீ ஓப் லா' கேட்கலாம். ரொட்டியும் பொரித்த முட்டையும் வரும். அந்த 'ஓப் லா'வும் பிரெஞ்சுச் சொல் தேய்ந்து வந்ததுதான். கூடவே ஹாம் (பன்றிக்கறி) துண்டு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இந்த முறை உங்கள் மூன்றாம் நாள் பௌர்ணமியில் விழுகிறது. வியட்நாமில் பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுவார்கள். அதனால் அன்று வழக்கமான கடைகள்கூடச் சிலவற்றில் சாய் பலகை தொங்கும், சாய் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. சைவக் குழு பத்தரைக்கே கிளம்ப வேண்டும் என்று அட்டவணையில் இருப்பது அதனால்தான்.

ஃபோ சூப் முகத்துக்கு அருகே வரும்போது உங்களுக்கு பிரியாணி வாசனை அடிக்கும். பிரமை இல்லை. அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, பெரிய கறுப்பு ஏலக்காய், நெருப்பில் சுட்ட இஞ்சி, வெங்காயம், எல்லாம் அதில் இறங்கியிருக்கின்றன. காரம் மட்டும் இருக்காது. மேசையில் ஒரு தட்டுத் தழை வைப்பார்கள். அதில் ஊதாத் தண்டோடு இருப்பது நம் திருநீற்றுப்பச்சிலையின் சொந்தம். தழையையும் முளைகட்டிய பயறையும் சூடான சூப்புக்குள் அமுக்கி, வெந்த பிறகு சாப்பிடுங்கள். புது ஊரில் வயிற்றைச் சோதிக்க வேண்டாம். எலுமிச்சை பிழியலாம், மிளகாய் போடலாம், கறுப்புச் சாஸையும் சிவப்புச் சாஸையும் சூப்பில் கொட்டாமல் சின்னக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுக்கொள்ளலாம். குச்சி வராதவர்கள் முள்கரண்டி கேளுங்கள், ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். குச்சியைக் கிண்ணத்தில் செங்குத்தாகக் குத்தி மட்டும் வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவது அப்படித்தான்.

சில கடைகளில் 'கா ரி கா' என்று ஒன்று இருக்கும். தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் போட்ட கோழிக்குழம்பு, தொட்டுக்கொள்ள அதே ரொட்டி. அந்தக் 'கா ரி' எங்கிருந்து போன சொல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோன் தத் தியெப் தெருவில் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோவில் இன்றும் இருக்கிறது, இரண்டாம் நாள் பார்ப்போம். வட்டிக்கடை வைக்கப் போனவர்கள் கூடவே குழம்புப் பொடியையும் கொண்டு போயிருப்பார்கள் என்பது என் சொந்த ஊகம். ருசி நம்முடையது மாதிரி இருக்காது, கொஞ்சம் இனிக்கும். எனக்குப் பிடிக்கும், என் வீட்டம்மாவுக்குப் பிடிக்காது.

அதே இரண்டாம் நாள் லீ சின் தாங் தெரு வழியாக வண்டி போகும்போது 'ஃபோ பின்' என்ற சின்னக் கடையைக் கைடு காட்டுவார். வியட்நாம் போரின்போது, 1968 டெட் (அவர்கள் புத்தாண்டு) தாக்குதலுக்கு, அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்ட விடுதலைப் படையினர் அதன் மாடியில்தான் கூடித் திட்டமிட்டார்கள். கீழே அமெரிக்கச் சிப்பாய்கள் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். 'பின்' என்றால் அமைதி.

கடையில் ஆளைக் கூப்பிட விரலைச் சொடுக்க வேண்டாம், 'ஹலோ'வும் வேண்டாம். அந்த ஊரிலும் நம்மைப் போல முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். உங்களைவிடக் கொஞ்சம் மூத்த பெண் என்றால் 'சி ஒய்', அக்கா. இன்னும் மூத்தவர் 'கோ ஒய்', அத்தை. ஆண் என்றால் 'சூ ஒய்', சித்தப்பா. பரிமாறும் சின்னப் பிள்ளைகள் 'எம் ஒய்', தம்பி தங்கை எல்லாவற்றுக்கும் அதுவே. கணக்குக் கேட்க 'தின் தியென்'. மேசையில் வைத்திருக்கும் ஈரத் துண்டைப் பிரித்தால் அதற்கும் சில ஆயிரம் டாங் சேரும். ஏமாற்று வேலை இல்லை, வழக்கம்.

தாள் விஷயம் கடைசி, ஆனால் முக்கியம். 20,000 டாங்கும் நீலம், 5,00,000 டாங்கும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் படம். முதல் பயணத்தில் ஓர் இளநீருக்கு நான் 20,000 என்று நினைத்து நீட்டியது எது என்பது ராத்திரி விடுதியில் பணத்தை எண்ணும்போதுதான் தெரிந்தது. நீட்டிய கை என்னுடையது, இளநீர்க்காரரைத் திட்டி என்ன பயன்? அதனால் உங்கள் உறையில் 5,00,000 தாளே இருக்காது. நீங்களாக மாற்றி வைத்திருக்கும் பெரிய தாள்களை வேறு பையில் வையுங்கள்.

இவ்வளவு படித்தும் "எனக்குத் தயிர்சாதம் இல்லாமல் ஆகாது" என்பவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். வழக்கமான இந்திய உணவகத்தில் இடம் பிடித்திருக்கிறோம், வண்டியும் போகும். உறைக் காசு மட்டும் அங்கே கட்டணமாகப் போய்விடும்.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் போனிலோ வாட்ஸ்அப்பிலோ உங்கள் பெயருக்கு எதிரே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: எதுவும் சரி, மாடு வேண்டாம், பன்றி வேண்டாம், ஹலால், முட்டை வரை, முழுச் சைவம், இந்திய உணவகம். ஆறு ஆறாகப் பிரிப்பதற்கு அது தேவை. கணவன் ஒரு குழு, மனைவி ஒரு குழு என்று விழுந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரு மணி நேரம்தான்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்
தில்லைநகர், திருச்சி

பி.கு.: பான் மீயைப் பேரப்பிள்ளைகளுக்கென்று விமானத்தில் கட்டி எடுத்து வரலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். மேலே ரப்பர் கதையை இன்னொரு முறை படியுங்கள். காப்பித்தூள் வாங்கி வாருங்கள்.