குவா தெம்புரோங் குகைப் பயணம்: பெற்றோர் அனுமதி

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஆறாம் ஆண்டு மாணவர்களை ஆகஸ்டு 15, சனிக்கிழமை, பேராக் மாநிலத்தில் கோப்பெங் அருகிலுள்ள குவா தெம்புரோங் சுண்ணாம்புக் குகைக்கு அழைத்துச் செல்கிறோம். குகை என்றதும் சிலர் தயங்குவது தெரியும். நானும் இரண்டு ஆசிரியர்களும் போன மாதமே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மலாயில் குவா என்றால் குகை, தெம்புரோங் என்றால் கொட்டாங்கச்சி; உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் பெயர்க் காரணம் புரியும்.

எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஓரிடத்தில் எங்களை நிறுத்தி, மேலே தொங்கிய கல்லின் நுனியில் டார்ச்லைட் அடித்தார். ஒரு சொட்டு நீர் திரண்டு நின்றது. வெகுநேரம் விழவே இல்லை. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்தபடி இறங்குகிறது. குகைக்குள் வந்ததும் வாயு பிரிந்துபோக, கரைந்த சுண்ணாம்பு நுனியில் படிகிறது. ஒரு சென்டிமீட்டர் வளர நூறு ஆண்டுகூட ஆகலாம். வகுப்பில் அமிலமும் காரமும் லிட்மஸ் தாளோடு முடிந்துவிடுகிறது. அதே அமிலம் ஒரு மலையைக் குடைந்திருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பக்கத்திலேயே, கைக்கெட்டும் உயரத்தில் இன்னொரு கல். வருவோர் போவோர் தடவித் தடவி அது கறுத்து வழவழப்பாகிக் கிடந்தது. கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் சுண்ணாம்பு சரியாகப் படியாதாம். "பார்க்கலாம், தொடக்கூடாது" என்று வீட்டிலும் சொல்லிவையுங்கள்.

வெள்ளீயம் தோண்டிய காலத்துத் தடங்களும் உள்ளே உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரேனும் ஈயலம்பத்தில் (ஈயச் சுரங்கத்தில்) வேலை செய்திருந்தால், அந்தக் கதையைச் சொல்லி அனுப்புங்கள்.

குகைக்குள் ஆறு ஓடுகிறது. நாம் ஆற்றில் இறங்கப் போவதில்லை. நடைபாதையும் படிக்கட்டும் உள்ள பகுதி மட்டுமே. மலைமேல் பலத்த மழை பெய்தால் உள்ளே நீர் ஏறும். அன்று காலை வழிகாட்டி வேண்டாம் என்றால் பயணத்தைத் தள்ளிவைப்போம். இதில் அவர் சொல்லே முடிவு.

பேருந்து காலை 7 மணிக்குப் புறப்படும். பிள்ளைகள் பசியாறிவிட்டு வரட்டும். வழுக்காத காலணி அவசியம், சிலிப்பர் வேண்டாம். ஆஸ்துமா இருந்தாலும், இருட்டென்றால் பயம் இருந்தாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பயப்படும் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும். கையொப்பமிட்ட படிவம் ஆகஸ்டு 5க்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேர வேண்டும்.

நன்றி.

இக்கண்,
தலைமையாசிரியர்