சாய்தளத்தோடு வேலை முடியவில்லை: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். சக்கர நாற்காலி ஏறிவரச் சாய்தளம் ஒன்று கட்டிவிட்டால் நம் வாசகசாலைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று போன பொதுக்குழுவில் சொன்னேன். அது தப்பு. இந்த ஆண்டு பெரும்பாலும் அந்தத் தப்பைத் திருத்துவதிலேயே போயிற்று, ஆகவே புத்தகம் வாங்கியது, கோடை வகுப்பு எல்லாவற்றையும் பொருளாளர் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்முடையது பழைய செட்டிநாட்டு வீடு. திண்ணை இரண்டரை அடி உயரம். ஒரு அடி ஏறச் சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி, அப்படியானால் 30 அடி. அவ்வளவு இடம் ஏது என்று, தரைமட்டமாக இருக்கும் கொல்லைப்பக்க வழியையே வைத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு முடிவெடுக்கப் போனது. சக்கர நாற்காலியில் வரும் உறுப்பினர் ஒருவர்தான், "கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சிட்டு, கொல்லப்பக்கமா வாங்கன்னா எப்படிண்ணே?" என்று கேட்டார். அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. பக்கச் சுவரை ஒட்டி, நடுவில் திரும்ப ஒரு தளம் விட்டு, 15 அடியாக இரண்டு மடிப்பில் கட்டி முகப்பிலேயே கொண்டுவந்து சேர்த்தோம்.

"இது தனியார் கட்டடம்தானே, நமக்கு எதுக்கு இதெல்லாம்" என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பொதுமக்கள் புழங்குகிற தனியார் கட்டடத்தையும் பொதுக்கட்டடம் என்றுதான் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது.

சரி, உள்ளே வந்தாயிற்று. வந்தவர் முகப்பிலேயே நின்றுவிட்டார், ஏனென்றால் வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டுக்குள், போகும் நிலைப்படி நாலு அங்குல உயரம். அதை அறுக்கக் கூடாது என்று ஆச்சிமார் சொன்னார்கள், எனக்கும் மனசில்லை. இரண்டு பக்கமும் நாலு அடிக்கு மரச்சரிவு செய்து, ஆணி அடிக்காமல் பொருத்தியிருக்கிறோம், வேண்டாதபோது கழற்றிவிடலாம். கதவு இரட்டைக் கதவு. ஒரு பக்கம் மட்டும் திறந்தால் நாற்காலி நுழையாது, இரண்டையும் திறந்தால் தாராளமாகப் போகிறது. காவலாளி ஒரு பக்கம் மட்டும் திறந்துவைக்கும் வழக்கத்தை விடத்தான் இரண்டு மாதம் ஆயிற்று.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதை நிறுத்திவிட்டோம். மினுமினுப்பு போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள், மழைநாளில் முற்றத்து ஓரமாக ஊன்றுகோலோடு ஒரு தடவை நடந்து பாருங்கள். முற்றம் இறங்குகிற விளிம்பும் தரையும் ஒரே நிறமாக இருந்ததால் பார்வை மங்கியவர்களுக்குப் பள்ளம் தெரியவில்லை. இப்போது அங்கே இரண்டு அங்குல மஞ்சள் பட்டை ஓடுகிறது. பார்க்க அழகாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

நான் கொஞ்சமும் யோசிக்காத விஷயம் எதிரொலி. வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், கல் தரை, உயரமான கூரை எல்லாம் சேர்ந்து பேச்சைக் குழப்பிவிடும். காதில் கருவி வைத்திருக்கும் ஐயா ஒருவர் ஞாயிறு கூட்டங்களில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், ஒரு வார்த்தை விளங்கவில்லை என்று பிறகுதான் சொன்னார். எதிரொலி குறைய, இப்போது சுவரில் இரண்டு ஜமுக்காளம் தொங்குகிறது. பேசுகிறவர் முற்றத்து வெளிச்சத்துக்கு முதுகு காட்டாமல் அதைப் பார்த்து உட்கார வேண்டும், அப்போதுதான் வாயசைவு தெரியும்.

கேரம் மேசையின் குறுக்குச் சட்டத்தை எடுத்துவிட்டு, முட்டி நுழைய 28 அங்குல இடைவெளி விட்டிருக்கிறோம். எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க ஒருவர் மட்டும் நாற்காலியில் தனியாகத் தெரிவது சங்கடமாக இருந்தது, அதனால் கூட்டங்களுக்குப் பெஞ்சுதான்.

கழிப்பறை இன்னும் முடியவில்லை. கைப்பிடியைப் பழைய சுண்ணாம்புப் பூச்சில் அடித்தார்கள், பிடித்து எழுந்த முதல் ஆளோடு பெயர்ந்து வந்துவிட்டது. நல்லவேளை, அந்த ஆள் நான்தான். இனி தரையிலிருந்தே கம்பி நட்டுப் பொருத்தப் போகிறோம். மாடிக்கு வழியே இல்லை, அதனால் இனி மேலே எந்தக் கூட்டமும் வைப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம்.

சுவருக்கு இன்னும் மூன்று ஜமுக்காளம் வேண்டும். வீட்டுப் பரணில் சும்மா கிடந்தால் துவைத்துக் கொண்டுவாருங்கள்.

செயலாளர்